கல்லாப்பெட்டியிலிருந்து தொடங்குங்கள்: நினைவு நாணயம் சேர்க்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நினைவு நாணயம் சேர்க்க ஆசைப்பட்டு வழி கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான். முதல் ஒரு வருடத்துக்கு, நாணயத்தின் முகமதிப்புக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஐந்து ரூபாய் நாணயம் ஐந்து ரூபாய்க்குத்தான் உங்கள் கைக்கு வர வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருப்பவர்களுக்கு இது நடக்கிற காரியம். காரிமங்கலத்தில் செவ்வாய்ச் சந்தை, போச்சம்பள்ளியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, சீசனில் மாங்காய் மண்டி, நாளெல்லாம் பஸ் ஸ்டாண்டு என்று சில்லறை ஓயாமல் புரளும் ஊர்கள் நம்முடையவை. காசு கொடுத்துக் காசு வாங்குவது பிறகு. அதற்கு முன் கண் பழக வேண்டும். கண் பழகாமல் கையில் பணத்தோடு இறங்குபவரைத்தான் ஏமாற்றுக்காரர்கள் தேடுகிறார்கள்.

எது நினைவு நாணயம்?

ஒரு தலைவர், ஒரு நிகழ்வு, ஒரு நிறுவனத்தின் நூற்றாண்டு, இப்படி ஏதாவது ஒன்றை நினைவுகூர மத்திய அரசு தனி வடிவமைப்பில் வெளியிடுவது நினைவு நாணயம். விடுதலைக்குப் பின் முதலில் வந்தது 1964இல், நேரு மறைந்த ஆண்டில். 50 காசும் ஒரு ரூபாயும் அவர் முகத்தோடு அச்சாயின. 1969இல் காந்தி நூற்றாண்டுக்கு 20 காசு, 50 காசு, ஒரு ரூபாய் ஆகியவற்றுடன் வெள்ளி கலந்த 10 ரூபாயும் வந்தது. அந்த 20 காசு மஞ்சளாக இருக்கும். நம் பக்கத்துப் பாட்டிமார்களின் சுருக்குப் பையிலும் சாமி உண்டியலிலும் இன்னும் கிடக்கிறது.

கையில் இருக்கும் காசு நினைவு நாணயமா என்று பார்க்க, சிங்கம் இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கத்தைத் திருப்புங்கள். அங்கே ஒரு முகமோ, கட்டடமோ, சின்னமோ இருந்து, சுற்றி இந்தியிலும் ஆங்கிலத்திலும் பெயரும் நூற்றாண்டுக் குறிப்பும் இருந்தால் பெரும்பாலும் நினைவு நாணயம்தான்.

இங்கே பலர் குழம்பும் இடங்கள் சில உண்டு. பதினோரு பக்கம் கொண்ட பழைய இரண்டு ரூபாயில் இந்திய வரைபடம் இருக்குமே, அது வழக்கமான காசு. 2007 வாக்கில் வந்த, கட்டைவிரலைக் காட்டும் ஒரு ரூபாயும் இரண்டு விரலைக் காட்டும் இரண்டு ரூபாயும் வழக்கமான காசுகளே. அதற்குச் சற்று முன் வந்த, நடுவில் சிலுவைபோல் கோடு வெட்டும் இரண்டு ரூபாயும் அப்படித்தான். இந்தச் சிலுவைக் காசு பல லட்சம் பெறும் என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றுகிறது. அதை நம்பி எடுத்து வைத்திருப்பவர்கள் கடைத்தெருவில் தாராளமாகச் செலவு செய்யலாம்.

ஒரு வரிசையைத் தேர்ந்தெடுங்கள்

கிடைத்ததையெல்லாம் டப்பாவில் போட்டுக்கொண்டே போனால் ஆறு மாதத்தில் ஆர்வம் வற்றிவிடும். ஒரு வரிசை வைத்துக்கொண்டால் எது இருக்கிறது, எது இல்லை என்பது தெரியும், தேடலுக்கு ஒரு குறி கிடைக்கும். எங்கு தொடங்குவது என்று கேட்டால் தமிழ்நாட்டு வரிசையில் தொடங்குங்கள் என்பேன். நம் பாடப்புத்தகத்தில் படித்த மனிதர்களும் நேரில் போய்ப் பார்த்த கோயிலும் அதில் இருக்கிறார்கள். காசை எடுத்துக் காட்டினால் வீட்டுப் பிள்ளைகளுக்கும் உடனே புரியும்.

அந்த வரிசை இப்படிப் போகும். 1995இல் தஞ்சாவூரில் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்காகத் திருவள்ளுவர் பொறித்த 1, 2, 5 ரூபாய் நாணயங்கள் வந்தன. மூன்றையும் சேர்ப்பது நல்ல முதல் இலக்கு. 2003 என்று ஆண்டு பொறித்த ஐந்து ரூபாயில் காமராசர் இருக்கிறார். 2009இல் அண்ணா நூற்றாண்டுக்கு ஐந்து ரூபாய் வந்தது. அதைக் கையில் எடுத்தால் அவசரப்படாதீர்கள். முகத்தோடு அவருடைய தமிழ்க் கையெழுத்தும் பொறிக்கப்பட்டிருக்கும். இந்தியும் ஆங்கிலமும் மட்டுமே பார்த்துப் பழகிய காசில் அந்தச் சில எழுத்துகளைப் பார்க்கிற மகிழ்ச்சி தனி. தேய்ந்த காசில் முதலில் மங்குவதும் அந்தக் கையெழுத்துதான். அதனால் அண்ணா காசு எத்தனை கிடைத்தாலும், கையெழுத்து தெளிவாக இருப்பதைத் தேடி மாற்றிக்கொண்டே இருங்கள்.

2010இல் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு ஐந்து ரூபாயும், சேகரிப்பாளர்களுக்கென்று ஆயிரம் ரூபாய் வெள்ளி நாணயமும் வெளிவந்தன. ஆயிரம் ரூபாய் மதிப்பில் இந்தியாவில் வந்த முதல் நாணயம் அதுதான். பசுமைப் புரட்சிக்கு வழிவகுத்த சி.சுப்பிரமணியம் நூற்றாண்டு ஐந்து ரூபாயும் அதே ஆண்டு வரிசையில் சேரும். பிறகு எம்.எஸ்.சுப்புலட்சுமி நூற்றாண்டுக்கு 10 ரூபாயும் 100 ரூபாயும், எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக்கு 5 ரூபாயும் 100 ரூபாயும் அறிவிக்கப்பட்டன. 2024 ஆகஸ்ட் 18 அன்று சென்னையில் கலைஞர் நூற்றாண்டு 100 ரூபாய் வெளியானது. அதில் ‘தமிழ் வெல்லும்’ என்று தமிழிலேயே பொறித்திருக்கிறார்கள். 2025 ஜூலையில் கங்கைகொண்ட சோழபுரத்தில் முதலாம் இராசேந்திரனுக்கான நாணயம் வந்தது. கடைசியில் சொன்ன 100 ரூபாய், 1000 ரூபாய் வகையெல்லாம் சில்லறையில் வராது. அவற்றைப் பற்றிப் பின்னால் பேசுவோம்.

ஓசூர், தளி பக்கம் கன்னடம் பேசும் குடும்பங்களில் 2006இன் பசவேஸ்வரர் ஐந்து ரூபாய்க்கு மதிப்பு அதிகம். அதே ஆண்டில் நாராயண குரு ஐந்து ரூபாயும் உண்டு. ரயில்வேயில் வேலை பார்த்த தாத்தா இருந்தால், 2003இல் வந்த ரயில்வே 150 ஆண்டு இரண்டு ரூபாயைத் தேடுங்கள். வரிசை உங்கள் வீட்டுக் கதையோடு ஒட்டியிருந்தால் நெடுநாள் நிற்கும்.

குழந்தைகளோடு சேர்ந்து தொடங்குபவர்களுக்கு இன்னும் சுலபமான வழி, விடுதலையின் 75ஆம் ஆண்டுக்காக 2022 ஜூன் 6 அன்று வெளியிட்ட 1, 2, 5, 10, 20 ரூபாய் வரிசை. பளபளப்பு மாறாமல் கடைகளில் இன்னும் கிடைக்கிறது.

சில்லறை கேட்பது எப்படி?

டீக்கடை, பெட்டிக்கடை, மளிகை, பஸ் கண்டக்டர், இந்த நால்வரும்தான் உங்கள் வங்கி. காலையில் வியாபாரம் சூடாக இருக்கும்போது போய் நிற்காதீர்கள். மதியம் மூன்று மணிக்கு மேல் போய், “அண்ணா, நூறு ரூபாய்க்கு அஞ்சு ரூபா காசா இருந்தா குடுங்கண்ணா, பாத்துட்டு மீதியைத் திருப்பித் தந்துடறேன்” என்று கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். என்ன தேடுகிறீர்கள் என்பதை மறைக்காதீர்கள். காமராசர் காசு ஒன்றை ஒருமுறை காட்டிவிட்டால், அடுத்த வாரம் கடைக்காரரே தனியாக எடுத்து வைத்திருப்பார். அவருக்குச் சில்லறைத் தட்டுப்பாடு வருகிற நாளில் நீங்களும் கொண்டுபோய்க் கொடுங்கள்.

பத்து ரூபாய் நாணயம் நம் பக்கம் வெகுகாலம் செல்லாது என்றே பேசப்பட்டது. கண்டக்டர் வாங்க மாட்டார், கடைக்காரர் முகம் சுளிப்பார். ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில், அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று தெளிவாக அறிவித்தது. அந்தப் பதினான்கில் பெரும்பாலானவை நினைவு நாணயங்கள்தான். 2010இன் ரிசர்வ் வங்கிப் பவள விழா, 2012இன் நாடாளுமன்ற 60 ஆண்டு, 2015இன் அம்பேத்கர் 125, சர்வதேச யோகா நாள் என்று ஒரு நல்ல வரிசையே இருக்கிறது. பத்து ரூபாய் காசை வைத்துக்கொண்டு தவிக்கிற கடைக்காரரிடம் நோட்டைக் கொடுத்து மாற்றிக்கொண்டால் இருவருக்கும் நல்லது. யாராவது செல்லாது என்றால் 14440 என்ற ரிசர்வ் வங்கி எண்ணைச் சொல்லுங்கள்.

வங்கிக் கிளைகள் அவ்வப்போது நாணய மேளா நடத்தும். தகவல் பலகையில் ஒட்டுவார்கள், கண் வைத்திருங்கள். மேளாவில் வருவது பெரும்பாலும் புது மூட்டை. கை படாத காசு வேண்டுமானால் அங்கேதான் கிடைக்கும்.

ஒரு சட்ட விவரமும் தெரிந்திருக்கட்டும். 25 காசும் அதற்குக் கீழும் 2011 ஜூன் 30க்குப் பிறகு செல்லாது. 50 காசு இன்றும் செல்லும்.

காசைப் படிக்கப் பழகுங்கள்

ஆண்டு பொறித்த இடத்துக்குக் கீழே பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பாருங்கள். காசு எந்த நாணயச்சாலையில் அச்சானது என்பதை அங்கிருக்கும் சிறு குறி சொல்லும். சாய்சதுரம் இருந்தால் மும்பை. நட்சத்திரம் ஹைதராபாத். சிறு புள்ளி நொய்டா. எதுவுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. ஒரே நாணயம் ஒன்றுக்கு மேற்பட்ட நாணயச்சாலைகளில் அச்சாகியிருக்கலாம், ஒன்று எளிதாகவும் மற்றொன்று அரிதாகவும் கிடைக்கலாம். புதியவர் முதலில் நாணயத்தைச் சேர்ப்பார். இரண்டாம் ஆண்டில் நாணயச்சாலைக் குறியைச் சேர்க்கத் தொடங்குவார். அதனால் டூப்ளிகேட் என்று நினைத்து எதையும் செலவு செய்யும் முன் குறியைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து காந்தம். பழுதான ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய சிறு காந்தம் போதும். 2003 காமராசர் ஐந்து ரூபாய் செம்பும் நிக்கலும் கலந்த கனமான காசு, காந்தத்தில் ஒட்டாது. தராசில் வைத்தால் 9 கிராம் காட்டும். விளிம்பைத் தடவினால் நடுவே ஒரு பள்ளம் ஓடுவது விரலுக்குத் தெரியும். பிறகு வந்த துருப்பிடிக்கா எஃகுக் காசு சட்டென்று ஒட்டும். பொன்னிறத்தில் 6 கிராம் எடையுள்ள ஐந்து ரூபாய் நிக்கல் பித்தளை, அதுவும் ஒட்டாது. சமையலறை டிஜிட்டல் தராசும் ஒரு காந்தமும் வைத்துக்கொண்டு ஒரு மாலை நேரம் வீட்டிலுள்ள சில்லறையை முழுக்கச் சோதித்துப் பாருங்கள். பிறகு போலியை விரலே காட்டிக்கொடுக்கும்.

அந்தக் கனமான ஐந்து ரூபாய்களை உருக்கி பிளேடு செய்ய எல்லை தாண்டிக் கடத்தியதாக ஒரு காலத்தில் செய்திகள் வந்தன. காமராசர் காசு இன்று கல்லாவில் அருகிப் போனதற்கு இதுவும் ஒரு காரணம். நாணயத்தை உருக்குவது 2011இன் நாணயச் சட்டப்படி குற்றம்.

கழுவாதீர்கள்

புளி, எலுமிச்சை, விபூதி, பற்பசை, பாத்திரம் துலக்கும் பொடி, இவை எதுவும் காசின் பக்கம் போகக்கூடாது. ஏன் என்று கண்ணால் பார்த்தால்தான் மனதில் நிற்கும். புதுக் காசு ஒன்றை ட்யூப் லைட்டுக்குக் கீழே பிடித்து மெல்லச் சாய்த்துச் சுழற்றுங்கள். ஒளி ஒரே இடத்தில் நிற்காமல் ராட்டினம்போல் காசின் மேல் சுற்றி வரும். அச்சு விழும்போது உலோகம் விரிந்து ஓடிய கண்ணுக்குத் தெரியாத வரிகளால் வருகிற ஒளி அது. ஒருமுறை பொடி போட்டுத் தேய்த்தால் அந்த வரிகள் போய்விடும். காசு பளபளக்கும், ஒளி சுற்றாது. விவரம் தெரிந்தவர் எவரும் அதைப் பிறகு வாங்கமாட்டார். இது திரும்ப வரவே வராத இழப்பு என்பதால்தான் இத்தனை அழுத்திச் சொல்கிறேன். சந்தைக் காசில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வெதுவெதுப்பான நீரில் துளி மிதமான சோப்பு விட்டு அலசி, பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். தேய்க்கவேண்டாம்.

காசை விளிம்பில் பிடித்தே எடுக்கவேண்டும். நடுவில் கட்டைவிரல் பட்டால் வியர்வைத் தடம் சில மாதங்களில் கறையாக எழும்பும். அட்டைக்கு நடுவே மெல்லிய மைலார் தாள் ஒட்டிய சதுர ஹோல்டர்கள் மலிவாகக் கிடைக்கின்றன, அவையே போதும். ஹோல்டரை மூட ஸ்டேப்ளர் பின் அடித்த பிறகு, அந்தப் பின்னின் முதுகைக் குறடால் தட்டையாக்கிவிடுங்கள், இல்லையென்றால் பக்கத்துக் காசைக் கீறும். விலை குறைவு என்று மெத்தென்ற பிவிசி பாக்கெட் ஆல்பம் வாங்கிவிடாதீர்கள். நம் ஊர் ஏப்ரல், மே வெயிலில் அது வியர்த்து, காசின் மேல் பச்சையாகப் பிசுபிசுக்கும். ரப்பர் பேண்டும் செய்தித்தாளும் வெள்ளிக்கு ஆகாது, கறுக்கவைக்கும். மாத்திரை டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கி எறியாமல் பெட்டிக்குள் போட்டு வையுங்கள்.

ஒரு நோட்டில் பெயர், ஆண்டு, நாணயச்சாலைக் குறி, எடை, எங்கே கிடைத்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். எங்கே கிடைத்தது என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ‘பென்னாகரம் பஸ்ஸில் கண்டக்டர் தந்தது’ என்ற ஒரு வரி பத்து வருடம் கழித்துக் காசைவிடப் பெரிதாகத் தெரியும்.

லட்சம் தருகிறோம் என்பவர்கள்

வைஷ்ணோ தேவி படம் போட்ட 2012இன் ஐந்து ரூபாயும் பத்து ரூபாயும் பல லட்சம் பெறும் என்று வீடியோக்கள் வருகின்றன. எண்ணுக்கு அழைத்தால் படம் அனுப்பச் சொல்வார்கள், பாராட்டுவார்கள், விலை பேசுவார்கள். பிறகு பதிவுக் கட்டணம், வரி, ரிசர்வ் வங்கிச் சான்றிதழ் என்று உங்களிடமிருந்து பணம் கேட்கத் தொடங்குவார்கள். ரிசர்வ் வங்கி இப்படி எந்தச் சான்றிதழும் தருவதில்லை, எந்தக் கமிஷனும் வாங்குவதில்லை. 2021 ஆகஸ்டில் இதைத் தனி அறிவிப்பாகவே வெளியிட்டது. வாங்குகிறேன் என்பவரே உங்களை முன்பணம் கட்டச் சொன்னால் அந்த இடத்திலேயே போனை வைத்துவிடுங்கள். ஓடிபி சொல்லாதீர்கள், அவர்கள் அனுப்பும் கியூஆர் குறியை ஸ்கேன் செய்யாதீர்கள்.

இன்னொன்று, கிழக்கிந்தியக் கம்பெனி என்று எழுதி ராமர் பட்டாபிஷேகம் பொறித்த செப்புக் காசு. கம்பெனி அப்படிக் காசு அடிக்கவில்லை. அரிசியை இழுக்கும், இரிடியம் கலந்தது என்று சொல்லி நம் மாவட்டங்களில் நிலம் விற்ற பணத்தைக்கூடப் பறித்திருக்கிறார்கள். வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து இதைப் பேசிவிடுங்கள்.

காசு கொடுத்து வாங்கும் காலம்

ஒரு வருடம் போனபின் இதற்கு வாருங்கள். 60, 75, 100, 125, 150, 350, 550, 1000 போன்ற மதிப்புகள் புழக்கத்துக்கு வருவதே இல்லை. இந்திய அரசு நாணயச்சாலைகளை நடத்தும் நிறுவனம் தன் இணையதளத்தில் முன்பதிவு அறிவித்து விற்கிறது. பதிவு சில வாரங்களுக்குத்தான் திறந்திருக்கும். பணம் கட்டியபின் நாணயம் தபாலில் வரப் பல மாதங்கள் ஆகலாம், பொறுமை வேண்டும்.

விலை முகமதிப்பைப் போல் பல மடங்கு இருப்பதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். 2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்காக வந்த 75 ரூபாய் நாணயம் சுமார் 35 கிராம் எடை, 44 மில்லிமீட்டர் விட்டம். பாதி வெள்ளி, 40 சதவீதம் செம்பு, நிக்கலும் துத்தநாகமும் ஐந்தைந்து சதவீதம். வெள்ளி, செய்கூலி, பெட்டி எல்லாம் சேர்ந்ததுதான் விலை.

ஒரே நாணயம் இரண்டு தரத்தில் வரும். புரூஃப் என்பது மெருகேற்றிய அச்சில் தனியாக அடித்தது. பின்புலம் முகம் பார்க்கும்படி பளபளக்க, உருவம் மட்டும் பனி படிந்தாற்போல் நிற்கும். யூஎன்சி என்பது புழக்கத்துக்குப் போகாத சாதாரண அச்சு, விலையும் குறைவு. முதலில் யூஎன்சி வாங்குங்கள். இரண்டையும் உறையிலிருந்து பிரிக்காதீர்கள்.

நேரில் பார்த்து வாங்க, நமக்கு பெங்களூரு பக்கம். ஓசூரிலிருந்து பஸ் ஏறினால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் நாணயக் கண்காட்சி நடக்கும் மண்டபத்தில் இருக்கலாம். சென்னையில் மெட்ராஸ் காயின் சொசைட்டி இருக்கிறது. கண்காட்சிக்குப் போகும்போது உங்கள் நோட்டு, லென்ஸ், காந்தம், இல்லாத காசுகளின் பட்டியல் நான்கும் கையில் இருக்கட்டும். முதல் சுற்றில் விலையை மட்டும் விசாரித்து எழுதிக்கொண்டு வாருங்கள், வாங்குவது இரண்டாம் சுற்றில். உங்களிடம் இருக்கும் டூப்ளிகேட்டுகளையும் கொண்டுபோனால், பக்கத்தில் நிற்கும் இன்னொரு சேகரிப்பாளரோடு மாற்றிக்கொள்ள முடியும்.

மண்ணில் கிடைக்கும் பழங்காசு

நம் பாரா மகால் பகுதி 1792 வரை மைசூர் ஆட்சியில் இருந்தது. ஹைதரும் திப்புவும் அடித்த செப்பு யானைக் காசுகள் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்து வீடுகளில் இன்னும் இருக்கின்றன. நினைவு நாணயத்தில் தொடங்கியவர் இதில் வந்து நிற்பது இயல்பு. ஆனால் விதிமுறை வேறு. உழும்போதோ அஸ்திவாரம் தோண்டும்போதோ புதையலாகக் காசு கிடைத்தால், மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும் என்கிறது 1878இன் புதையல் சட்டம். கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொன்னால் அவர்கள் வழி காட்டுவார்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு 1972இன் தொல்பொருள் சட்டத்தில் வருகிறது, தனிநபர் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. பாட்டி வைத்திருந்த காசு என்ன என்று தெரியவேண்டுமென்றால் தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. கழுவாமல், ஒரு வெள்ளைத் தாளில் மடித்து எடுத்துப் போய்க் காப்பாட்சியரிடம் காட்டுங்கள்.